மச்சினன் உருவியது

“இடம் போதவில்லை” என்று லேப்டாப் மறுபடியும் சொன்னது.

“உன்னைச் சொல்லிக் குத்தமில்ல,” என்று குக்கர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “உன்னை உருவிட்டுப் போனவனைச் சொல்லணும்.”

குக்கர் என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். கட்டப்போகும் கட்டடங்களைக் கணினியில் வரைந்து, அவற்றுக்குள் நாமே நடந்து போவதுபோல் வீடியோ செய்து தருவது அவர் தொழில். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கோபம்தான். சுர்ரென்று ஏறும், விசிலடிக்கும், அடங்கும்வரை பக்கத்தில் இருப்பவர்கள்மேல் ஆவி அடிக்கும். இந்தப் பட்டப்பெயர் காதுக்கு எட்டியபோது, “எவன் என்னைக் கோவக்காரன்னு சொன்னது?” என்று மேசையைக் குத்தி, பெயரை அவரே நிரந்தரமாக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வீடியோவை முதலாளிக்கு அனுப்பியாக வேண்டும். வார்டு, வராந்தா, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மரம் எல்லாம் தயார். மொத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சேமிக்கத்தான் லேப்டாப்பில் இடமில்லை. பழைய பாட்டுகளை அழித்தார். பழைய படங்களை அழித்தார். தன் கல்யாண வீடியோவின்மேல்கூடச் சற்று நேரம் விரலை வைத்து யோசித்தார். மனைவி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் விரலை எடுத்துவிட்டார்.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு மருந்து இருந்தது. லேப்டாப்புக்குள் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதில் இன்னொரு எஸ்.எஸ்.டி. மாட்டிச் சேமிக்கும் இடத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று அது வந்த பெட்டியிலேயே போட்டிருந்தது. நேற்றே ஒன்று வாங்கி வந்துவிட்டார். சூயிங்கம் பட்டை அளவில் ஒரு தகடு. கடைக்காரர் வெள்ளி நிற உறையில் போட்டுக் கொடுத்திருந்தார். அடிமூடியைக் கழற்ற வேண்டும், காலி இடத்தில் செருக வேண்டும், மூட வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நினைக்கிற வேலைகளில்தான் மனிதனின் ஆயுள் போகிறது.

“என்னங்க,” என்றாள் மனைவி. “தம்பிக்கு ஒரு போன் போட்டா வந்து அஞ்சு நிமிஷத்துல…”

“அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்.”

“பேரையா சொன்னேன்? தம்பின்னுதானே சொன்னேன்.”

“தம்பியும் வேண்டாம், தும்பியும் வேண்டாம்!”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவள் ஆசிரியை. எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. அந்தப் பொறுமையில் பாதி கற்றுக்கொள்கிறவர்களுக்கும் மீதி கட்டிக்கொண்டவருக்கும் செலவாகிக்கொண்டிருந்தது.

தம்பி விவகாரம் போன வருடம் நடந்தது. தம்பிக்குத் தெருமுனையில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. ஒருநாள் குக்கர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியபோது, இதே சாப்பாட்டு மேசையில் அவருடைய லேப்டாப் குப்புறக் கிடந்தது. அடிமூடி தனியாக இருந்தது. மச்சினன் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் சின்னதாக ஒரு காலி டப்பா.

“என்னடா உருவுற?”

“மாமா, அது வந்து…”

“என் சோத்துல கைய வெக்கிறியா? வெளிய போடா!”

சொன்னதோடு நிற்கவில்லை. லேப்டாப்பைப் பிடுங்கி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மூடியைப் பொருத்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மச்சினனின் கழுத்தாக நினைத்து முறுக்கினார். காலி டப்பாவையும் கைப்பற்றினார். எடுத்ததை அலுங்காமல் கொண்டுபோக டப்பாவோடு வந்திருக்கிறான் என்றால் எவ்வளவு திட்டம் போட்டிருக்க வேண்டும்!

மச்சினனும் லேசுப்பட்டவன் இல்லை. “அவர் கேட்டா சொல்வேன். திட்டினா சொல்ல மாட்டேன்,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் லேப்டாப் சூடானால் அவன் உருவியதால். சார்ஜ் இறங்கினால் அவன் உருவியதால். ஒருமுறை சமையலறைக் குழாய் ஒழுகியபோதும் குக்கர், “அன்னிக்கு அவன் வந்துட்டுப் போனதுல இருந்துதான்,” என்று ஆரம்பித்து, மனைவி பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மச்சினனுக்குக் கல்யாணம். அப்பா அம்மா இல்லாதவன். அவன் பக்கம் நிற்க அக்கா ஒருத்திதான். “எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கட்டும், வர்றேன்,” என்று குக்கர் ஒற்றைக்காலில் நின்றார்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஸ்க்ரூடிரைவரைக் காணவில்லை.

“அதையும் கொண்டுபோயிட்டான்!”

“அலமாரிக் கதவு ஆடுதுன்னு நீங்கதானே அடியில செருகி வெச்சீங்க.”

குக்கர் போய் உருவினார். ஒரு வருடமாக அடங்கிக் கிடந்த கதவு சடாரென்று திறந்து அவர் முழங்காலில் மோதியது. கதவை எட்டி உதைத்தார். உள்ளே அடுக்கியிருந்த பாத்திரங்கள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கீழே வந்தன.

ஸ்க்ரூடிரைவர் அலமாரிக்குச் சரி, லேப்டாப்புக்குப் பெரிது. அதன் நுனியை வைத்து அழுத்தி, நெம்பி, வசைபாடி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி ஸ்க்ரூ மட்டும் அசையவில்லை. கத்தி முனையால் முயன்றார். நகவெட்டியால் முயன்றார். தலை தேய்ந்து மழமழவென்று ஆனதுதான் மிச்சம்.

“எந்தப் படுபாவி இதை இப்படி முறுக்கினான்?” என்று கத்தினார்.

மனைவி பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் குடும்பம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் தட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர்.

“யாருக்கு சார் வலி? இவ்வளவு சத்தம் என் கிளினிக்லகூட வராதே.”

குக்கர் ஸ்க்ரூவைக் காட்டினார். டாக்டர் குனிந்து, தொழில் பழக்கத்தில் “ஆ” என்று தானே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

“தலை போயிடுச்சு, வேர் உறுதியா இருக்கு. இந்த மாதிரி பல்லை நான் தினமும் எடுக்கறேன். ஒண்ணும் பயப்படாதீங்க. பிடிமானம்தான் வேணும். உடனே ஒட்டற பசை என்கிட்ட இருக்கு. ஸ்க்ரூ தலையில ஒரு சொட்டு விட்டு, மேல ஸ்க்ரூடிரைவரை நட்டு வெச்சிடுங்க. ரெண்டும் ஒண்ணாயிடும். அப்புறம் திருகினா கூடவே வந்துதானே ஆகணும்?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பசை வந்தது. “ஒரே சொட்டு சார், ஒரே சொட்டு,” என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் அடித்தது. குக்கருக்கு ஏறியது. ஏறினால் கையில் பிடித்திருப்பது எதுவாக இருந்தாலும் அமுக்குவார். அப்போது கையில் இருந்தது பசைக் குழாய். ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் ஓர் ஓடை ஓடியது. ஸ்க்ரூ ஸ்க்ரூடிரைவரோடு ஒட்டியது. ஸ்க்ரூ மூடியோடும் ஒட்டியது. ஸ்க்ரூடிரைவரை அடியில் பிடித்திருந்த கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதனோடு ஒட்டின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, குரங்கு கையைப் பிடித்துக்கொண்டது.

“விடுங்க சார்,” என்றார் டாக்டர்.

“நான் எங்க பிடிச்சிருக்கேன்? அதுதான்யா என்னைப் பிடிச்சிருக்கு!”

டாக்டர் லேசாக இழுத்துப் பார்த்தார். குக்கர் போட்ட அலறலில் கையை எடுத்துக்கொண்டார். “மயக்க ஊசி இல்லாம எடுத்தா வலிக்கும். கிளினிக்ல ஆள் காத்துட்டிருக்காங்க, வர்றேன் சார்,” என்று பசைக் குழாயை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனி மறைத்துப் பயனில்லை. குக்கர் ஒரு கையில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்பை அணைத்தாள். கார் சாவியை எடுத்தாள்.

“தம்பி கடை நடந்தா ரெண்டு நிமிஷம்.”

“கையை வெட்டிக்கிட்டாலும் வெட்டிக்குவேன், அங்க போக மாட்டேன்! சந்தைக்குப் பின்னாடி வேற கடை இருக்கு. அங்க போ!”

அப்போதுதான் அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

“ஒரு வருஷமா என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டிருக்கீங்க. நானும் கேட்டுட்டிருக்கேன். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க. ஞாயித்துக்கிழமை நான் தனியாப் போய் நிக்கணும். வீட்டுக்காரர் எங்கன்னு நாலு பேர் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? லேப்டாப்போட ஒட்டிக்கிட்டு இருக்கார்னா?”

குக்கருக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் அடங்குவது மற்றவர்கள். அவருக்கு இன்னும் ஏறும்.

“சரி! இன்னிக்கு எப்படியும் திறக்கப் போறாங்க. மூணாம் மனுஷங்க வாயால தெரிஞ்சுக்கலாம். உன் தம்பி எடுத்தது என்னன்னு அவங்களே சொல்லட்டும். ஏதாவது குறைஞ்சிருந்தா அந்தக் கல்யாணத்துக்கு நீயும் போகக் கூடாது.”

“ஒண்ணும் குறையலைன்னா?”

“குறையலைன்னா… குறையலைன்னா நான் கல்யாண வாசல்ல நின்னு வர்றவங்க செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியா அடுக்கி வெக்கிறேன். போதுமா?”

“போதும்,” என்றாள் அவள். மறுபடியும் ஆசிரியைக் குரல். “சீட்டு பெல்ட் போட்டுக்குங்க. இல்ல, நானே போடறேன்.”

சாட்சி இல்லாமல் வழக்கு ஏது? குக்கர் இடது கையால் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தக் காலி டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெள்ளி உறையும் பைக்குள் போனது.

அவள் கார் பள்ளிக்கூடத்துக் கார். தலையில் கற்றுக்கொள்பவர் பலகை. ஆசிரியை உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இன்று அந்தப் பக்கம் குக்கர். மடியில் லேப்டாப், அதன்மேல் நட்ட ஸ்க்ரூடிரைவர், அதில் ஒட்டிய விரல்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இதை மறைக்க முடியவில்லை. மடியில் கூடாரம் போட்டதுபோல் நின்றது.

மீண்டும் போன். மனைவி ஒரு கையால் அவர் காதில் வைத்தாள்.

“வேலை எந்த நிலைமையில இருக்கு?” என்றார் முதலாளி.

“என் கையிலதான் சார் இருக்கு. விடவே முடியல.”

“அப்படித்தான் இருக்கணும்! இந்த ஈடுபாடுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது.”

தெருமுனை வந்தது. மச்சினன் கடை வாசலிலேயே நின்றிருந்தான். குக்கர் சட்டென்று சீட்டில் சரிந்து தலையை மறைத்தார். தலை கீழே போனால் கால் முன்னே போகத்தானே செய்யும்? போன கால் ஆசிரியையின் பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் கிறீச்சிட்டு, எங்கே நிற்கக் கூடாதோ அங்கே, மச்சினனின் கடை வாசலில், கதவுக்கு நேராக நின்றது.

“காலை எடுங்க,” என்றாள் மனைவி.

“நான் எங்க வெச்சேன்?”

“பிரேக்ல.”

பின்னால் வந்த வண்டிகள் ஹாரனடித்தன. மச்சினன் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். முதலில் மாமாவை. அப்புறம் கூடாரத்தை. துண்டு நழுவியது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“மாமா, அதைக் கொடுங்க. அஞ்சு நிமிஷம்.”

ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு. அதற்குக் குக்கர் சொன்ன பதில்:

“எதுக்கு? மிச்சம் இருக்கறதையும் உருவவா?”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு துடைத்ததுபோல் போனது. நிமிர்ந்தான்.

“திறந்து பாருங்க மாமா. நல்லாத் திறந்து பாருங்க,” என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டான்.

“பாத்தியா, மிரட்டுறான்! குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது!”

மனைவி வண்டியை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை தேவைப்பட்டது. அதை முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல் முடித்துக்கொண்டாள்.

சந்தைக்குப் பின்னாலிருந்த கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பூதக்கண்ணாடி. வாயில் பென்சில். குக்கரின் கையைப் பார்த்து அவள் புருவம்கூட உயர்த்தவில்லை.

“எதைச் சரி பண்ணணும் சார்? லேப்டாப்பையா, கையையா?”

“முதல்ல கை. அப்புறம் லேப்டாப்ல இந்த எஸ்.எஸ்.டி.யை மாட்டணும். அப்புறம் ஒரு திருட்டைக் கண்டுபிடிக்கணும்.”

அவள் ஏதோ நெடியடிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து விரல்களில் தடவினாள். “பேசாதீங்க சார், பேசினா கை ஆடுது.”

பேசாமல் இருக்க அவர் என்ன கல்லா? கடைக்கு வந்திருந்தவர்களிடம் ஆரம்பம் முதல் சொன்னார். சொந்தம் என்று வீட்டுக்குள் விட்டது, குப்புறக் கிடந்த லேப்டாப், வயிற்றுக்குள் போன கை. போன் சார்ஜருக்கு வந்த ஒருவர், “இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியாதுங்க,” என்று உச்சுக் கொட்டினார். குக்கருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு வருடமாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தை அது. மனைவி கடையின் ஓரத்தில், மாட்டியிருந்த வயர்களைப் பார்த்தபடி நின்றாள்.

விரல்கள் ஒருவழியாக விடுபட்டன, ஸ்க்ரூடிரைவரும் கழன்று வந்தது. குக்கர் முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் டக்கென்று வைத்தார்.

“இதுதாம்மா சாட்சி. எடுத்ததைப் போட்டுக் கொண்டுபோக இந்த டப்பாவையும் கொண்டுவந்திருந்தான். சமயத்துல நான் வந்ததால டப்பாவை விட்டுட்டு, பொருளைப் பையில போட்டுக்கிட்டு ஓடிட்டான்.”

டப்பாவின்மேல் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. அதை ஒரு வருடமாகக் குக்கர் படிக்கவில்லை. திருட்டு டப்பாவை எவன் படிப்பான்?

கடைப் பெண் ஒரு சின்ன மின்சாரக் கருவியைத் தேய்ந்த ஸ்க்ரூவின் தலையில் வைத்தாள். விர்ரென்று சத்தம் வந்தது. குக்கரை அவ்வளவு நேரம் ஆட்டிவைத்த ஸ்க்ரூ பொடிப்பொடியாக வெளியே வந்தது.

“யார் சார் இதை இப்படி முறுக்கினது?”

“அதை விடும்மா. உள்ள பாரு.”

மூடி திறந்தது. பூதக்கண்ணாடி நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். “ம்,” என்றாள். நிமிர்ந்து டப்பாவை எடுத்து, மேலே அச்சடித்திருந்ததைப் படித்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி “ம்.”

“என்னம்மா ம்? முழுசா சொல்லு. என்ன குறையுது?”

“நீங்க கொண்டுவந்ததை இதுல மாட்ட முடியாது சார். உறையைப் பிரிக்காம திருப்பிக் கொடுத்துடுங்க.”

“பாத்தியா!” குக்கர் மனைவி பக்கம் திரும்பினார். முகம் வெற்றியில் சிவந்திருந்தது. “மாட்டற இடத்தையே பேத்து எடுத்துட்டுப் போயிருக்கான் உன் தம்பி! நான் சொன்னப்ப நம்பினியா? இப்ப மூணாம் மனுஷி சொல்றாங்க, கேட்டுக்க. ஏம்மா, சத்தமா சொல்லு. தெருவுக்கே கேக்கட்டும். இந்த டப்பாவுல அவன் எதை எடுத்துட்டுப் போனான்?”

அவள் வாயிலிருந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, அவர் கேட்டபடியே சத்தமாகச் சொன்னாள்:

“இந்த டப்பாவுல யாரும் எதையும் எடுத்துட்டுப் போகல சார், இதுல வந்த புது எஸ்.எஸ்.டி.யைத்தான் உங்க காலி இடத்துல மாட்டிட்டுப் போயிருக்காங்க. பாவம், புது இடம் இருக்குன்னு லேப்டாப்புக்குத் தெரியற மாதிரி அதைத் தொடங்கி வைக்கறதுக்குள்ள யாரோ ஒரு கோவக்காரர் மூடியைப் போட்டு முறுக்கிட்டார்.”